கார்ட் அடித்தால் கம்பீரம், ஒற்றை நோட் அடித்தால் கொசு: டிஜிட்டல் ஆம்ப் செட்டிங்கில் எங்கே தப்பு?

பாதிராத்திரி_பிக் எழுதியது:

வணக்கம். ஒரு வருடமாக டிஜிட்டல் மாடலிங் ஆம்ப் (பல ஆம்ப்களின் சத்தத்தை நகல் எடுக்கிற கிட்டார் ஆம்ப்) ஒன்று வைத்திருக்கிறேன். 50 வாட், 12 இன்ச் ஸ்பீக்கர். கிட்டாரில் மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற ஒற்றைச் சுருள் காந்தம்). கார்ட் அடித்தால் அறையே நிறைந்துவிடுகிறது. அதே செட்டிங்கில் ஒற்றை நோட்டாக லீட் வாசித்தால் காதோரம் கொசு பறக்கிற மாதிரி இருக்கிறது. மெலிசு, கீச்சு. அதிலும் 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே போனால் உயிரே இல்லை.

போன வாரம் முதல் முறையாக டிரம்ஸ், பேஸ் கிட்டாரோடு சேர்ந்து வாசித்தேன். நான் லீட் வாசித்தபோது "நீ ஏன் நிறுத்திட்டே?" என்று டிரம்மர் கேட்டான். நான் நிறுத்தவே இல்லை!

இப்போதைய செட்டிங்: ஹை கெய்ன் சேனல், கெய்ன் 8, பேஸ் 7, மிட் 3, ட்ரெபிள் 7, பிரசென்ஸ் 7. ரிவர்ப் 50 சதவீதம். நாய்ஸ் கேட் 70. பிரிஜ் பிக்கப். கெய்னை 10 வரை ஏற்றிப் பார்த்தேன், கொசு இன்னும் கோபமாகத்தான் ஆனது.

ஆம்பை மாற்ற வேண்டுமா, செட்டிங்கில் சரிசெய்ய முடியுமா?

---

சுருதிசேரல எழுதியது:

கெய்னைக் குறை. மிட்டை ஏற்று. அவ்வளவுதான்.

---

பாதிராத்திரி_பிக் எழுதியது:

ப்ரோ, கெய்னைக் குறைத்தால் நோட் இன்னும் மெலிந்துவிடாதா? சத்தம் தடிமனாக வரத்தானே ஏற்றி வைத்திருக்கிறேன்?

---

பழைய_வால்வு எழுதியது:

தம்பி, சுருதிசேரல சொன்னது சரிதான். ஆனால் ஏன் என்று தெரியாமல் குமிழைத் திருகினால் அடுத்த வாரம் வேறு பிரச்சினையோடு வந்து நிற்பீர்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டிஸ்டார்ஷன் (கெய்ன் ஏறும்போது சத்தம் நொறுங்குவது) போட்டுக்கொண்டு இரண்டு நோட்டைச் சேர்த்து அடித்தால் ஆம்ப் அந்த இரண்டோடு நிற்காது. அவற்றின் கூட்டல், கழித்தல் அலைகளையும் தானாக உண்டாக்கும். தாழ்ந்த இ 82 ஹெர்ட்ஸ், அதற்கு மேலே ஐந்தாவது சுரமான பி 123 ஹெர்ட்ஸ். இரண்டையும் பவர் கார்டாக அடித்தால் வித்தியாசம் 41 ஹெர்ட்ஸ், அதாவது நீங்கள் அடித்த இ-க்கு ஒரு ஆக்டேவ் கீழே ஒரு சத்தம். அதை நீங்கள் வாசிக்கவில்லை, ஆம்ப் போட்டது. கார்டின் கம்பீரத்தில் பாதி இந்த இலவச இணைப்புதான்.

ஒற்றை நோட்டுக்கு இந்த இலவசம் கிடையாது. அதன் சொந்த ஹார்மோனிக்ஸ் (நோட்டோடு கூடவே வரும் மேல் அதிர்வுகள்) மட்டும்தான். கெய்னைக் கூட்டக் கூட்ட மேல் ஹார்மோனிக்ஸ்தான் பெருகும், உடம்பு பெருகாது. போதாததற்கு, பிக் கம்பியைத் தொடுகிற அந்த முதல் 'டக்'கும் நசுங்கிப் போகும். டிரம்ஸுக்கு நடுவே ஒரு நோட்டை நம் காது பிடிப்பதே அந்த 'டக்'கை வைத்துத்தான்.

இப்போது உங்கள் ஈக்யூவுக்கு, அதாவது பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்களுக்கு வருவோம். இரண்டாம் கம்பியில் 12ஆம் ஃப்ரெட் எடுத்துக்கொள்ளுங்கள். அது 494 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே அந்த நோட்டில் எதுவுமே கிடையாது. பேஸ் குமிழ் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் வேலை செய்யும். பேஸை 7-இல் வைத்தாலும் 10-இல் வைத்தாலும் அந்த நோட்டுக்கு ஒன்றும் போய்ச் சேராது, ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிற கதை. ஃபெண்டர் வகை டோன் சர்க்யூட்டில் இயல்பாகவே 400, 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் உண்டு. டிஜிட்டல் மாடலும் அந்தப் பள்ளத்தோடு சேர்த்துத்தான் நகல் எடுக்கும். நீங்கள் மிட்டை 3-இல் வைத்து அந்தப் பள்ளத்தை இன்னும் தோண்டியிருக்கிறீர்கள். நோட்டின் அடித்தளமே அந்தக் குழிக்குள் கிடக்கிறது. மேலே எட்டிப் பார்ப்பது ட்ரெபிள் 7-உம் பிரசென்ஸ் 7-உம் தூக்கிவிட்ட கீச்சு மட்டும்.

செய்ய வேண்டியது: கெய்ன் 4 அல்லது 5. மிட் 7. ட்ரெபிள் 5. பிரசென்ஸ் 4. பேஸ் 4. கெய்னைக் குறைத்ததால் சத்தம் இறங்கும், அதை மாஸ்டரிலோ சேனல் வால்யூமிலோ ஈடுகட்டுங்கள். இதை மறந்துவிடாதீர்கள். சத்தம் குறைந்தால் எதுவுமே காதுக்கு மோசமாகத்தான் படும். ஒரே சத்த அளவில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

---

கம்பி6 எழுதியது:

புது ஆம்ப் வாங்குங்க. அப்புறம் புது கிட்டார். அப்புறமும் டிரம்மர் அதே கேள்வியைக் கேட்பான்.

---

பாதிராத்திரி_பிக் எழுதியது:

@கம்பி6 சிரித்துவிட்டேன்.

@பழைய_வால்வு அண்ணா, நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் பிடிக்கவே இல்லை, மூக்கடைத்த மாதிரி இருந்தது. பேக்கிங் டிராக் ஒன்றைப் போட்டு அதன் மேல் வாசித்த பிறகுதான் புரிந்தது. பழைய செட்டிங் டிராக்குக்குள் மூழ்கிவிடுகிறது, இது மேலே நிற்கிறது. நம்பவே முடியவில்லை.

ஆனால் புதுசாக ஒரு தொல்லை. நோட்டைப் பிடித்து நிறுத்தினால் சீக்கிரம் செத்துவிடுகிறது. மெதுவாக ஓய்ந்தாலும் பரவாயில்லை, கத்தரியால் வெட்டினாற்போல் நிற்கிறது. கெய்ன் 8-இல் இப்படி இல்லை. சஸ்டெயினுக்காக (நோட் நீண்டு நிற்க) கெய்னை மறுபடி ஏற்ற வேண்டுமா?

---

சும்மா_வாசிப்பவள் எழுதியது:

ஏற்ற வேண்டாம். வெட்டினாற்போல் நிற்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே, அது உங்கள் நாய்ஸ் கேட். 70-இல் வைத்தது கெய்ன் 8-இன் இரைச்சலுக்காக. இப்போது கெய்ன் குறைந்ததும் சிக்னலும் தாழ்ந்துவிட்டது. நோட் பாதி ஓய்வதற்குள் கேட் அதை இரைச்சல் என்று நினைத்துக் கதவை மூடிவிடுகிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டாம் கம்பி, 12ஆம் ஃப்ரெட். ஒரே ஒரு முறை அடித்து, விரலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நொடியை எண்ணுங்கள். பிறகு கேட்டை முழுதாக அணைத்துவிட்டு அதையே செய்யுங்கள். இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள்.

---

பாதிராத்திரி_பிக் எழுதியது:

அக்கா, கேட் 70-இல் இருந்தபோது 3 நொடி. அணைத்தால் 8 நொடி தாண்டியும் லேசாகக் கேட்கிறது!! என் விரலில்தான் கோளாறு என்று நினைத்து சஸ்டெயினுக்காகப் பயிற்சி செய்ய ஆரம்பித்திருந்தேன்.

ஆனால் கேட் இல்லாமல் 'ஹ்ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வருகிறதே?

---

சும்மா_வாசிப்பவள் எழுதியது:

சிங்கிள் காயிலுக்கு அது கூடப் பிறந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஒரு திசையில் ரீங்காரம் ஏறக்குறைய காணாமல் போகும், அந்தப் பக்கம் பார்த்து வாசியுங்கள். போன் சார்ஜர், கணினித் திரை, டிம்மர் போட்ட விளக்கு பக்கத்தில் இருந்தால் தள்ளி வையுங்கள். பிக்கப் ஸ்விட்சின் இரண்டு, நான்காம் நிலைகளில் (இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிப்பவை) பல கிட்டார்களில் ரீங்காரம் தானாகவே அடங்கும், நடு பிக்கப் எதிர்ச்சுற்றில் இருந்தால். இதெல்லாம் செய்த பிறகும் மிச்சம் இருந்தால் கேட்டை 15, 20 என்று கீழேயிருந்து ஏற்றி, வாசிக்காதபோது மட்டும் மூடுகிற இடத்தில் நிறுத்துங்கள்.

---

ஒலிப்பெட்டி எழுதியது:

தாமதமாக வருகிறேன். கேட்டுக்கு அடுத்துக் கம்ப்ரஸர் (உரத்ததை அமுக்கி மெல்லியதைத் தூக்குவது) போடுங்கள், அதுதான் விடை. ஆம்புக்கு முன்னால், ரேஷியோ (அமுக்கும் அளவு) 3 அல்லது 4, அட்டாக் (அமுக்கத் தொடங்கும் வேகம்) கொஞ்சம் மெதுவாக. அட்டாக்கை வேகமாக வைத்தால் பழைய_வால்வு சொன்ன 'டக்'கையும் சேர்த்து விழுங்கிவிடும். நோட்டின் வாலை மேலே தூக்கும், கெய்ன் வேண்டியதே இல்லை.

---

பழைய_வால்வு எழுதியது:

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. டிஸ்டார்ஷனே ஒரு கம்ப்ரஸர்தான். அதற்கு முன்னால் இன்னொன்று வைத்தால் ரீங்காரத்தையும் சேர்த்துத் தூக்கும். இப்போதுதான் பையன் அதை அடக்கியிருக்கிறான்.

---

ஒலிப்பெட்டி எழுதியது:

கெய்ன் 8-இல் வைத்திருந்தால் நீங்கள் சொல்வது சரி. 4-இல் வைக்கச் சொன்னது நீங்கள்தானே அண்ணா? அங்கே டிஸ்டார்ஷன் அவ்வளவு அமுக்காது. கம்ப்ரஸருக்கு அங்கே வேலை இருக்கிறது.

---

பழைய_வால்வு எழுதியது:

சரி, அது நியாயம். ஆனாலும் நானாக இருந்தால் அந்த இடத்தில் ட்யூப் ஸ்க்ரீமர் மாதிரி ஓவர்டிரைவ் மாடல் ஒன்றை வைப்பேன். பெரும்பாலான டிஜிட்டல் ஆம்பில் பச்சை நிறத்தில் ஒன்று இருக்கும். டிரைவ் 1, டோன் 5, லெவல் 8. டிரைவை ஏற்றாதீர்கள், அதற்காக வைக்கவில்லை. அது ஆம்புக்குள் போகும் முன்பே பேஸைக் கொஞ்சம் வெட்டி, 720 ஹெர்ட்ஸ் சுற்றி ஒரு மேடு போடும். பிறகு ஆம்பின் முகப்பைத் தள்ளும்.

இங்கே ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. ஈக்யூ டிஸ்டார்ஷனுக்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றல்ல. முன்னால் ஏற்றினால் எந்தப் பகுதி நொறுங்க வேண்டும் என்று முடிவு செய்கிறீர்கள், நோட்டின் குணமே மாறும். பின்னால் ஏற்றினால் நொறுங்கி முடிந்த சத்தத்தின் அளவுகளை மட்டும் மாற்றுகிறீர்கள். ஒற்றை நோட் மெலிசாக இருந்தால் முன்னால் மிட்டை ஏற்றுங்கள். காதில் குத்தினால் பின்னால் 3000, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் 2, 3 டெசிபல் இறக்குங்கள். மாற்றிச் செய்தால் இரண்டும் சரியாக வராது.

---

கம்பி6 எழுதியது:

எல்லோரும் ஆம்பையே பார்க்கிறீர்கள். @பாதிராத்திரி_பிக், எங்கே பிக் பண்ணுகிறீர்கள்? எந்த மாதிரி பிக்?

---

பாதிராத்திரி_பிக் எழுதியது:

பிரிஜ் பிக்கப்புக்கு நேர் மேலே. பிக் மெலிசு, 0.46 மில்லிமீட்டர். கார்ட் அடிக்க வசதி என்று வாங்கியது.

---

கம்பி6 எழுதியது:

அதைச் சொல்லுங்கள் முதலில்! கேலி செய்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன், இதைப் பார்த்ததும் போக மனசு வரவில்லை.

0.46 பிக் கம்பியில் பட்டதும் அதுவே வளைந்து வழிவிடுகிறது. நீங்கள் கொடுக்கிற விசையில் பாதி பிக் மடங்குவதிலேயே போய்விடும். கிடைப்பது 'டக்' இல்லை, 'சிலிக்'. அந்தச் 'சிலிக்'கைத்தான் ஆம்ப் பெரிதாக்கித் தருகிறது. 1 மில்லிமீட்டருக்கு மேலே ஒன்று எடுங்கள். முனை மட்டும், 3 மில்லிமீட்டர் போல, விரலுக்கு வெளியே தெரிய வேண்டும். கம்பிக்கு இணையாகப் பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

அடுத்து இடம். பிரிஜ் பக்கம் கம்பி விறைப்பாக இருக்கும், அங்கே அடித்தால் மேல் ஹார்மோனிக்ஸ்தான் அதிகம். கையை அப்படியே கழுத்துப் பக்கம் 3, 4 சென்டிமீட்டர் நகர்த்துங்கள். எந்தக் குமிழையும் தொடாமல் நோட் உருண்டு வரும். பிறகு கழுத்து பிக்கப்புக்கு மாறி, கிட்டாரின் டோனை 7-க்கு இறக்கி ஒரு முறை வாசித்துப் பாருங்கள். கிட்டாரில் இருக்கிற அந்தக் குமிழை யாருமே தொடுவதில்லை, அலங்காரத்துக்கு வைத்த மாதிரி.

பிக்கப் உயரத்தையும் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அமுக்கினால் கம்பிக்கும் காந்தத்துக்கும் நடுவே ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சிங்கிள் காயிலில் அதைவிட நெருங்கினால் காந்தமே கம்பியைப் பிடித்து இழுக்கும். நோட் சீக்கிரம் ஓயும், மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி அலைகிற மாதிரி இருக்கும். அதற்கு ஆம்பில் மருந்து கிடையாது.

---

சுருதிசேரல எழுதியது:

ரிவர்ப் 50-ஐ யாரும் கவனிக்கவில்லையே? அதை 15-க்கு இறக்குங்கள். ரிவர்ப் அதிகமானால் நோட் பின்னால் போய் நின்றுவிடும், டிரம்மர் கேட்ட கேள்விக்கு அதுவும் ஒரு காரணம். லீடுக்கு டிலே போடுங்கள். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 என்றால் 60000-ஐ 120-ஆல் வகுங்கள், 500 மில்லிசெகண்ட். அதில் முக்கால், 375, லீடுக்கு அழகாக உட்காரும். மிக்ஸ் 20 சதவீதம், எதிரொலி இரண்டு மூன்று போதும். டிலேயின் ட்ரெபிளைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் எதிரொலி அசல் நோட்டோடு மல்லுக்கு நிற்காது.

---

ஒலிப்பெட்டி எழுதியது:

ஒரு கேள்வி. பெயரே பாதிராத்திரி_பிக். செட்டிங் எல்லாம் ராத்திரியில் ஹெட்போனில்தான் செய்கிறீர்களா?

---

பாதிராத்திரி_பிக் எழுதியது:

ஆமாம். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகுதான். ஹெட்போன், இல்லையென்றால் ஸ்பீக்கரில் மிகவும் மெல்லிசாக. ஏன்?

---

ஒலிப்பெட்டி எழுதியது:

அங்கேதான் எல்லாம் தொடங்கியிருக்கிறது. 1933-இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் அளந்து வெளியிட்டது இது: சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த ஒலியும் மிக உயர்ந்த ஒலியும் மங்கலாகக் கேட்கும், நடுப்பகுதி மட்டும் தெளிவாக இருக்கும். ராத்திரியில் மெல்ல வைத்துக் கேட்டபோது பேஸும் ட்ரெபிளும் போதவில்லை என்று ஏற்றினீர்கள், மிட் அதிகம் என்று இறக்கினீர்கள். அந்தச் சத்தத்துக்கு அது சரி. டிரம்ஸோடு அதே பிரிசெட்டை (சேமித்து வைத்த செட்டிங்கை) திறந்து வைத்ததும் பேஸ், ட்ரெபிள் இரண்டும் எகிறிவிட்டன. பேஸைப் பேஸ் கிட்டார் விழுங்கிற்று, ட்ரெபிளைச் சிம்பல் விழுங்கிற்று. உங்களுக்கென்று மிச்சம் இருக்க வேண்டிய நடுப்பகுதியைத்தான் நீங்களே 3-இல் வைத்துவிட்டீர்களே.

அதனால் ஸ்பீக்கருக்கு ஒன்று, ஹெட்போனுக்கு ஒன்று என்று இரண்டு பிரிசெட் வையுங்கள். ஹெட்போன் பிரிசெட்டில் கேபினட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியின் நகல்) கட்டாயம் ஓடவேண்டும். கிட்டார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே தானாகவே சரிந்துவிடும், ஹெட்போன் சரியாது. சிமுலேஷன் இல்லாமல் டிஸ்டார்ஷனை நேராக ஹெட்போனில் கேட்டால் கொசு இல்லை, குளவி. பெரும்பாலான ஆம்பில் ஹெட்போனைச் செருகியதும் அது தானாக வந்துவிடும், ஆனாலும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற லோ கட், 6000-க்கு மேலே வெட்டுகிற ஹை கட்.

இன்னொன்று. ஆம்ப் தரையில் இருக்கிறதா? 12 இன்ச் ஸ்பீக்கர் ட்ரெபிளை டார்ச் லைட் மாதிரி நேராக அடிக்கும். தரையில் வைத்தால் உங்கள் முழங்காலுக்குத்தான் அது கேட்கும். காதுக்குக் கேட்கவில்லை என்று நீங்கள் ட்ரெபிளை ஏற்றுவீர்கள், எதிரே உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். நாற்காலி மேல் தூக்கி வையுங்கள், இல்லாவிட்டால் பின்னால் சாய்த்து வையுங்கள்.

---

பாதிராத்திரி_பிக் எழுதியது:

எட்டு நாள் கழித்து வருகிறேன். நேற்று மறுபடி சேர்ந்து வாசித்தோம்.

இப்போது இருக்கிற செட்டிங்: ஹை கெய்ன் சேனலை விட்டுவிட்டு கிரஞ்ச் (மிதமான டிஸ்டார்ஷன்) சேனலுக்கு வந்துவிட்டேன். கெய்ன் 5, பேஸ் 4, மிட் 7, ட்ரெபிள் 5, பிரசென்ஸ் 3. முன்னால் பச்சை ஓவர்டிரைவ், டிரைவ் 1, லெவல் 7. கம்ப்ரஸரையும் போட்டுப் பார்த்தேன், ஒலிப்பெட்டி சொன்னபடி வால் நீண்டது. ஆனால் ஓவர்டிரைவோடு சேர்த்துப் போட்டால் மூச்சு முட்டியது, அதனால் ஓவர்டிரைவை மட்டும் வைத்தேன். கேட் 18. ரிவர்ப் 12, டிலே 375. ஆம்ப் நாற்காலி மேல். கழுத்து பிக்கப், டோன் 7. பிக் 1.14.

ஸ்பீக்கரில் சரியான சத்தம் வைத்து ஒரு நாள் பகலில்தான் இதையெல்லாம் உட்கார்ந்து சரிசெய்தேன். அதே பிரிசெட்டை அன்று ராத்திரி மெல்ல வைத்துக் கேட்டால் டப்பா மாதிரி இருந்தது, கை பரபரத்தது. தொடவில்லை.

இரண்டாவது பாட்டில் லீட் முடிந்ததும் டிரம்மர் திரும்பி "கொஞ்சம் சத்தத்தைக் குறைடா" என்றான். வாழ்க்கையில் கேட்ட நல்ல வார்த்தை.

ஒரு குறை இருக்கிறது. இதே செட்டிங்கில் கார்ட் அடித்தால் இப்போது மூக்கால் பேசுகிறது. இன்னொன்று, முதல் கம்பி 15ஆம் ஃப்ரெட்டில் பெண்ட் செய்தால் (கம்பியைத் தள்ளிச் சுருதியை ஏற்றினால்) நோட் பாதியில் அடைத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. கேட் 18-இல்தான் இருக்கிறது, அணைத்தாலும் அதேதான்.

---

சும்மா_வாசிப்பவள் எழுதியது:

கார்டுக்குத் தனி பிரிசெட் போட்டுவிடுங்கள். மிட் 5, ஓவர்டிரைவ் அணைத்து, லீட் பிரிசெட்டைவிட 3 டெசிபல் தாழ்வாக. பிரிசெட் மாற்ற நேரம் இல்லாத பாட்டில் கிட்டார் வால்யூமை 7-க்கு இறக்கிக் கார்ட் அடியுங்கள், லீடுக்கு 10.

---

கம்பி6 எழுதியது:

15ஆம் ஃப்ரெட்டில் அடைப்பது ஆம்ப் இல்லை. பெண்ட் செய்யும்போது கம்பி மேலே இருக்கிற ஏதோ ஒரு ஃப்ரெட்டில் உரசுகிறது. ஆம்பை அணைத்துவிட்டு அதே பெண்டைச் செய்து காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள், அங்கேயும் அடைக்கும். பிரிஜில் முதல் கம்பியின் சேடிலை (கம்பி உட்காரும் சிறு துண்டை) அரை சுற்று உயர்த்திவிட்டு மறுபடி பெண்ட் செய்யுங்கள். அப்படியும் நின்றால் ஃப்ரெட் ஒன்று தூக்கியிருக்கிறது, கிட்டார் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.

---

பாதிராத்திரி_பிக் எழுதியது:

ஆம்பை அணைத்துப் பார்த்தேன், அங்கேயும் அடைக்கிறது. அரை சுற்று போதவில்லை, முக்கால் சுற்றில் பெண்ட் முழுதாக ஏறிவிட்டது. கம்பியைச் சுருதி சேர்த்துவிட்டு மறுபடி வருகிறேன்.

---

சுருதிசேரல எழுதியது:

என்னை ஏன் கூப்பிடுகிறீர்கள்?